இதய ஆராய்ச்சியும் பெண்ணின் பெயரும்

நம் கோவை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1966. அதே ஆண்டில் டில்லியில் ஐந்தாவது உலக இதயவியல் மாநாடு நடந்தது. பல நாட்டு இதய மருத்துவர்கள் கூடிய அந்த மாநாட்டின் பொதுச் செயலாளர் ஒரு பெண்மணி. டாக்டர் எஸ். பத்மாவதி. 'இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர்' என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியாகப் படித்திருப்போம். ஆனால் அவருடைய வாழ்க்கையில் நம்ம கோயமுத்தூருக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்மாவதி பிறந்தது 1917-ல், பர்மாவில். ரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது தாயும் சகோதரிகளுமாகத் தப்பி வந்து சேர்ந்த ஊர் கோயமுத்தூர். வீட்டு ஆண்கள் பர்மாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் யுத்தம் முடியும் வரை இந்தப் பெண்கள் இங்கே காத்திருந்தார்கள். மருத்துவப் பட்டம் கையில் இருந்தது. ஆனால் அன்றைய கோவையில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். 1949-ல் லண்டனுக்குக் கப்பலேறினார்.

யார் பெயர் எங்கே?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படிக்காத நம் குடும்பத்தினரும் இந்த மலரைப் படிப்பார்கள் அல்லவா! ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் நாலைந்து பெயர்கள் இருக்கும். முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் துறைத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களை யாரும் நினைவில் வைப்பதில்லை. பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம், மாநாட்டு அழைப்பு எல்லாமே முதலும் கடைசியுமான இந்த இரண்டு இடங்களைப் பார்த்துத்தான் வரும்.

இந்த இரண்டு இடங்களிலும் பெண்கள் எத்தனை பேர்? அமெரிக்காவின் 6 முக்கிய மருத்துவ இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வெளிவந்தது. 1970-ல் முதல் பெயராக இருந்த அந்நாட்டு மருத்துவர்களில் பெண்கள் 5.9 சதவீதம். 2004-ல் இது 29.3 சதவீதம். கடைசிப் பெயரில் 3.7 சதவீதம் 19.3 சதவீதமாக உயர்ந்தது. உயர்வுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிற இடத்துக்கு வந்த வேகத்தில் தலைமை இடத்துக்கு வரவில்லை. இதயத் துறையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த பின்னாளைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

பத்மாவதி அமெரிக்காவில் யாரிடம் படித்தார் தெரியுமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் ஹெலன் டாசிக்கிடம். நீலக் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைக்கு வழி சொன்ன அம்மையார் அவர். 1944-ல் நடந்த அந்த அறுவை சிகிச்சையைப் பற்றிய கட்டுரை 1945-ல் வந்தபோது இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் அறுவை மருத்துவர் பிளேலாக், பிறகு டாசிக். ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அந்த முறையைச் சோதித்து, அறுவையின்போது பிளேலாக்கின் பின்னால் நின்று வழிகாட்டிய கறுப்பின உதவியாளர் விவியன் தாமஸின் பெயர் அதில் இல்லை! பெயர் விடுபடுவது பெண்களுக்கு மட்டும் நேர்வதல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். அதிகாரம் இல்லாதவர் யாராக இருந்தாலும் கதை இதுதான்.

டாசிக் இளம் வயதில் ஹார்வர்டில் மருத்துவம் படிக்க விரும்பினார். பெண்களுக்கு அங்கே பட்டம் தரமாட்டோம் என்றார்கள். 1945-ல்தான் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அதற்கு ஏழே வருடம் கழித்து, 1952-ல், அதே ஹார்வர்டில் டாக்டர் பால் டட்லி ஒயிட்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார் அவருடைய மாணவி பத்மாவதி.

அடுப்பங்கரையில் கிடைத்த கேள்வி

1953-ல் நாடு திரும்பி டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் விரிவுரையாளரானார். அது பெண்கள் கல்லூரி. நோயாளிகளும் பெண்கள். அடுத்த ஆண்டே இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். மற்ற இடமாக இருந்தால் தனக்கென ஒரு பிரிவு கிடைக்க ஒரு பெண் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருக்குமோ! வேலூர் சி.எம்.சி.யும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கியதுதான். அங்கே இதயவியல் துறைக்கு ஆரம்ப காலத்தில் தலைமை வகித்தவர் டாக்டர் கமலா வைத்திலிங்கம். தனக்கென்று ஒரு வார்டு இருந்தால்தான் கட்டுரையில் தன் பெயருக்கு ஓர் இடம் கிடைக்கிறது.

அந்த வார்டில் பத்மாவதி கண்டது என்ன? நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலது பக்கம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய். மேல்நாட்டில் இதைப் புகைபிடிக்கும் வயதான ஆண்களின் நோய் என்றே நினைத்திருந்தார்கள். டில்லியிலோ பீடியைத் தொடாத பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராக வந்தது, அதுவும் இளம் வயதிலேயே. 127 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1959-ல் அமெரிக்காவின் 'சர்குலேஷன்' இதழில் வெளிவந்தது. முதல் பெயர் அவருடையது. வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் புகைமீது சந்தேகம் விழுந்தது. ஆண், பெண் வேறுபாட்டையே தலைப்பாக வைத்து 1976-ல் மறுபடியும் எழுதினார்.

நம்ம பக்கத்துக் கிராமங்களில் பருத்திமாரைத் தள்ளி, ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாக்களையும் ஆத்தாக்களையும் நாம் பார்க்காதவர்களா? அந்தப் புகை இதயத்தையும் தாக்குமா என்று யாராவது கேட்டால்தானே ஆராய்ச்சி? பெண் நோயாளிகளின் வார்டில் நின்ற ஒரு பெண் கேட்டார். கட்டுரையில் யார் பெயர் என்பது வெறும் மரியாதைப் பிரச்னை அல்லங்க. எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாமலே போகும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

1962-ல் அகில இந்திய இதய அறக்கட்டளை, 1967-ல் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி முதல்வர் பதவி, 1992-ல் பத்ம விபூஷண் என்று அவர் வாழ்வு தொடர்ந்தது. 2020 ஆகஸ்டில், 103-ஆம் வயதில், கொரோனாவால் மறைந்தார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆண் பெண் கணக்கு எடுப்பவர்கள் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் 2002 வரை 'மெட்லைன்' பட்டியலில் முழுப்பெயரே கிடையாது. குடும்பப் பெயரும் இனிஷியலும்தான். நம்மவர்கள் எழுதும் 'ஆர். எஸ்.' களில் யார் ஆண், யார் பெண் என்று அமெரிக்கக்காரனுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் வீட்டுக்காரர் இனிஷியல். ஒரே பெண்ணின் உழைப்பு இரண்டு ஆள் கணக்கில் பிரிந்துபோகிறது! 2012 முதல் 'ஆர்கிட்' என்ற 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது. இனிஷியல் மாறினாலும் எண் மாறாது. நம் மாணவிகளுக்கு முதல் கட்டுரையிலேயே அதை வாங்கச் சொல்லுங்கள்.

நம்மில் பலர் இன்று பேராசிரியர்கள், துறைத் தலைவர்கள். பெயர் வரிசையைப் போடும் பேனா நம் கையில் இருக்கிறது. இரவு டியூட்டியில் தரவு சேர்த்த முதுநிலை மாணவியின் பெயரை நடுவில் தள்ளிவிட வேண்டாம். வரிசையை வேலை தொடங்கும் முன்பே பேசி, எழுதி வைத்துவிடுங்கள். தகுதியுள்ள பெண் மருத்துவருக்கு ஒரு பிரிவின் பொறுப்பைத் தயங்காமல் கொடுங்கள். கடைசிப் பெயர் தானாக வரும்.

1942-ல் அகதியாக வந்த ஒரு பெண் டாக்டருக்குத் தர அன்றைய கோவையில் கல்லூரி இல்லை. இன்று இருக்கிறது. நாமும் இருக்கிறோம்.

சந்திப்பு விழா சிறக்க வாழ்த்துக்கள்!