அரக்கிக்கு ஃபிளாஷ்பேக் உண்டா? விருதுநகர், 1967

2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் டப்பிங்லயும் தியேட்டருக்கு வந்துச்சு. அதுலேர்ந்து ரசிகர்கள் ரெண்டு கட்சி. ரெங்கோகுவைக் கொன்ன அகாஸாவுக்காக அழலாமா, கூடாதா? சாகப் போற நேரத்துல அவனோட மனுஷ வாழ்க்கையைக் காட்டிட்டா செஞ்ச கொலை மறைஞ்சிருமான்னு ஒரு கட்சி. அழறது வேற, மன்னிக்கிறது வேறன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. அதுக்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டாம், எங்க மல்லாங்கிணறுலேர்ந்து பஸ் ஏறினா வர்ற விருதுநகரே போதும்.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி ஆகணும்ங்கிறது அரசியல் சட்டத்தோட 15 வருஷக் கெடு. ஆங்கிலம் தொடரலாம்னு 1963ல ஒரு சட்டம் வந்திருந்தது. ஆனா அந்த 'லாம்' மேல மாணவர்களுக்கு நம்பிக்கை இல்ல. ஸ்பெக்ல 'லாம்'னு எழுதினா என்ன ஆகும்னு ஐடி ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அன்னைக்குப் பேச்சுலயும் கவிதையிலயும் கார்ட்டூன்லயும் இந்திக்கு ஒரு உருவம் இருந்துச்சு: அரக்கி. ஒரு சட்டப்பிரிவு மேல கோபப்படுறது கஷ்டம், அரக்கி மேல கோபப்படுறது சுலபம். ஜனவரி 25 அன்னைக்கு மதுரையில மாணவர் ஊர்வலம். தியாகராசர் கல்லூரி மாணவர் கா. காளிமுத்து, நம்ம மாவட்டத்து ராமுத்தேவன்பட்டிக்காரர், அரசியல் சட்டத்தோட மொழிப் பகுதியை எரிச்சார். பின்னாடி சட்டமன்ற சபாநாயகர் ஆனவர் இவர்தான். ஊர்வலம் வடக்கு மாசி வீதி காங்கிரஸ் அலுவலகம் பக்கம் போனப்ப மோதல், மாணவர்களுக்கு வெட்டுக்காயம். அங்கேர்ந்து தீ மாநிலம் முழுக்கப் பரவிச்சு.

'ஹைக்யூ' பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு ஸ்கூலுக்கு இன்னொரு ஸ்கூல்னா ஆகாது. ஆனா இங்க வேற வேற கல்லூரிப் பசங்க ஒரே போராட்டக் குழுவுக்குக் கீழ வந்தாங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் ஜனவரி 27ல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல இறந்தார். பிப்ரவரியில திருப்பூர்ல ரெண்டு போலீஸ் அதிகாரிகளைக் கூட்டம் எரிச்சே கொன்னுச்சு. இந்த ரெண்டாவது சம்பவத்தை நம்ம ஆளுங்க மெதுவா தாண்டிப் போயிருவாங்க. தாண்டக் கூடாது.

சரி, யார் அந்தப் பக்கம்? முதலமைச்சர் பக்தவத்சலம். அகில இந்திய காங்கிரஸ் தலைவர் காமராஜர். ஆனா இந்தியை அவசரப்பட்டுத் திணிக்காதீங்கன்னு அதே ஜனவரி கடைசியில பெங்களூர்ல மத்த காங்கிரஸ் தலைவர்களோட சேர்ந்து சொன்னவரும் காமராஜர்தான். பசங்க மனசுல அது ஏறல. அரக்கியோட கட்சித் தலைவர்னா அவரும் அரக்கர்தான்.

1967 தேர்தல். சொந்த ஊர் விருதுநகர்ல காமராஜர் நிக்கிறார். எதிர்ல திமுக நிறுத்தினது மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். விபத்துல அடிபட்டதால காமராஜரால ஊர் ஊரா சுத்த முடியல. முடிவு: சீனிவாசன் 33,421, காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285. மொழி மட்டும் காரணம் இல்ல, அரிசிப் பஞ்சமும் சேர்ந்துச்சு.

என்னை உறுத்துறது வேற கணக்கு. அப்போ ஓட்டு வயசு 21. அந்த வருஷம் முதல் ஓட்டுப் போட்ட பையன் 1946 வாக்குல பிறந்திருப்பான். காமராஜர் முதலமைச்சரானப்ப அவனுக்கு எட்டு வயசு, மதிய உணவுத் திட்டம் வந்தப்ப பத்து. ஆறாவதோட படிப்பை விட்ட ஒருத்தர் கட்டின பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுப் படிச்சவன் அவருக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கலாம். அது துரோகம்னு நான் சொல்ல மாட்டேன். சோறு போட்டதுக்காக ஓட்டை எழுதிக் கொடுக்கணும்னா அது படிப்பே இல்ல. மாணவர்கள் கேட்டது நியாயம், ஜெயிச்சதும் நியாயம். ஆனா அந்த 1,285ஐப் படிக்கிறப்ப தொண்டை அடைக்குது, அதையும் மறைக்க வேண்டியதில்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1969ல, நாகர்கோவில் இடைத்தேர்தல்ல ஜெயிச்சு காமராஜர் நாடாளுமன்றம் போனார். 1971லயும் அங்கேயேதான் நின்னார். விருதுநகர்ல மறுபடி நிக்கவே இல்ல.