கெலாய்டுத் தழும்பும் கதிர்களும்

காது குத்திய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்குத் தழும்பு திரண்டு நிற்பதை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கலாம். தடுப்பூசி குத்திய தோளிலும், பரு வந்து ஆறிய மார்பிலும்கூட இது தோன்றும். சாதாரணத் தழும்பு நாளடைவில் தணிந்துவிடும். இதுவோ காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் பரவுகிறது, அரிக்கிறது, வலிக்கிறது. இதன் பெயர் கெலாய்டு.

1806-இல் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையைச் சேர்ந்த அலிபேர் என்ற மருத்துவர் இதனை விவரித்தார். முதலில் புற்றுநோயை நினைவூட்டும் பெயர் ஒன்றை இட்டார். பின்னர் அக்குழப்பம் வேண்டாமென்று, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயரை அமைத்தார்.

“புற்றுநோய் இல்லையென்றால் அறுத்து எறிந்துவிட வேண்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அறுப்பதும் ஒரு காயம்தான். காயத்தை மூடுவதற்காக ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் பெருகிக் கொலாஜன் நார்களை உண்டாக்குகின்றன. கெலாய்டு உடையவர்களிடம் இந்த வேலை உரிய நேரத்தில் நிற்பதில்லை. ஆகவே, அறுவை மட்டும் செய்தால் நூற்றுக்கு 45 முதல் 100 வரை மீண்டும் வளர்வதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. சில வேளைகளில் முன்னிலும் பெரிதாகவே வளர்கிறது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர், மயிரடர்ந்த மச்சமுள்ள ஐந்து வயதுச் சிறுமியின் முதுகில் அவற்றைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது, ஆனால் கடும் புண்ணும் உண்டாயிற்று. நன்மையும் தீமையும் ஒரே கதிரில் இருப்பது அன்றே தெரிந்துவிட்டது. 1906-இல் பிரான்ஸ் நாட்டின் தெ பர்மான், கூஜரோ என்ற இருவர் கெலாய்டுக்குக் கதிர் மருத்துவம் செய்ததை வெளியிட்டனர்.

முற்றி வளர்ந்த கெலாய்டில் பெரும்பகுதி நார்களே. நார்களைக் கதிர் கரைக்காது. பெருகும் செல்களைத்தான் அது தடுக்கும். ஆகவே முதலில் கத்தி நார்த்திரளை நீக்க வேண்டும். பிறகு செல்கள் பெருகத் தொடங்கும் வேளையில், பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள், கதிர் விழ வேண்டும். இரண்டும் சேர்ந்தபோது மறுவளர்ச்சி வெகுவாகக் குறைந்தது.

ஆயினும் ஓர் அச்சம் எஞ்சியது. எக்ஸ் கதிர் தோலோடு நிற்பதில்லை. வலுக்குறைந்துகொண்டே உள்ளே செல்கிறது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இஸ்ரேலில், தலைப் படர்தாமரைக்காக 10,000-க்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு எக்ஸ் கதிர் மருத்துவம் செய்யப்பட்டது. அவர்களிடையே மூளைக் கட்டிகளும் தைராய்டுப் புற்றும் மிகுதியாக இருப்பதை 1974-இல் வெளியான ஆய்வு காட்டியது. உயிரைப் பறிக்காத ஒரு நோய்க்காக உயிரைப் பறிக்கும் நோயை வரவழைக்கலாமா?

இங்கே இயற்பியல் கைகொடுத்தது. எலெக்ட்ரான் மின்னூட்டம் உடையது. திசுவில் மோதி மோதி ஆற்றலை இழந்து, குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும். 1940-இல் அமெரிக்காவில் கெர்ஸ்ட் அமைத்த பீட்டாட்ரானும், பின்னர் வந்த நேர்கோட்டு முடுக்கிகளும் வேண்டிய ஆற்றலுடைய எலெக்ட்ரான்களைத் தந்தன. 4 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையவை ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அளவையும் மருத்துவர்கள் செப்பனிட்டனர். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. டோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியில் முன்பு எல்லா இடத்துக்கும் 15 கிரே தந்தனர். மார்பிலும் தோளிலும் கெலாய்டு அதிகம் திரும்புவதைக் கண்டு, அங்கே நான்கு தவணைகளில் 20 கிரேயாக உயர்த்தினர்; காது மடலுக்கு இரண்டு தவணைகளில் 10 கிரேயாகக் குறைத்தனர். 2007-இல் இதன் பலனை வெளியிட்டனர்.

2009-இல் பழைய மருத்துவ ஏடுகளைத் தேடியபோது, கெலாய்டுக் கதிர் மருத்துவத்தோடு தொடர்புடையதாகக் கருதத்தக்க புற்றுநோய் நிகழ்ச்சிகள் ஐந்தே கிடைத்தன. மிகச் சிலவே, ஆனால் சுழியன்று. ஆகவேதான் குழந்தைகளுக்குத் தருவதில் மிகுந்த தயக்கம் காட்டுகிறார்கள். தைராய்டையும் மார்பகத்தையும் மறைத்துக் காக்கிறார்கள்.

கெலாய்டு வளரும் உடல்வாகு உங்களுக்கு இருந்தால், வேண்டாத துளைகளைத் தவிர்த்துவிடுங்கள். அறுவைக்கு முன், “பிறகு என்ன செய்வீர்கள்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாணவ நண்பர்களே, ஒரு கதிரின் வலிமையை அளந்தால் மட்டும் போதாது. அது எங்கே நிற்கும் என்பதையும் அறிய வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.