ரசனையின் கைரேகை

1987ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றப் பதவிக்கு முன்மொழிந்தார். அந்தரங்கம் என்ற பொதுவான உரிமை எதையும் அமெரிக்க அரசியல் சாசனம் வழங்கவில்லை என்ற கொள்கையுடையவர் போர்க். அவரது நியமனம் பற்றிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தபோது, வாஷிங்டனின் ‘சிட்டி பேப்பர்’ வார இதழின் செய்தியாளர் ஒருவர், போர்க் குடும்பத்தினர் வாடிக்கையாகப் படம் எடுக்கும் வீடியோ கடைக்குச் சென்றார். அவர்கள் வாடகைக்கு எடுத்த 146 படங்களின் பட்டியல், கேட்டவுடன் கிடைத்தது. இதழிலும் அச்சேறியது.

போர்க்கைத் தலைகுனிய வைக்கும் படம் எதுவும் அதில் இல்லை. செனட் சபை வேறு காரணங்களுக்காகவே அவரை நிராகரித்தது. ஆயினும் பட்டியல் வெளியான விதம், கட்சி வேறுபாடின்றி மக்கள் பிரதிநிதிகளைத் திடுக்கிட வைத்தது. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் படங்களின் விவரத்தை ஒருவரது ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 1988இல் சட்டம் இயற்றப்பட்டது. மீறினால் பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு தர வேண்டும். நாடா, கடை, வாடகை ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துக் கணினி ஆய்வின் மிகப் புகழ்பெற்ற போட்டியொன்றின் குறுக்கே வந்து நின்றது. அந்த வரலாற்றையே இங்கு நாம் பார்க்கவிருக்கிறோம். ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணிக்க உதவும் அதே விவரம்தான் அவர் யார் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது என்ற உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

*

கணினியைக் கொண்டு பரிந்துரை செய்யும் முயற்சி புத்தகங்களிலிருந்தே தொடங்கியது என்பது இலக்கிய வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். 1979இல் எலெய்ன் ரிச் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று ‘கிரண்டி’ என்ற நிரலை விவரிக்கிறது. அது நூலகரைப் போன்றது. வாசகர் தம்மைப் பற்றிச் சில சொற்களில் சொன்னால், அவரை ஏதேனும் ஒரு வகைமாதிரியில் பொருத்தி, அவ்வகையினருக்கு ஏற்ற நாவலைச் சொல்லும். ஏற்கவில்லை என்றால் தன் கணிப்பைத் திருத்திக்கொள்ளும். இதில் வாசகர்களைப் பற்றிய அறிவு முழுவதும் நிரலை எழுதியவர் முன்கூட்டியே புகட்டியது.

1992இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ‘டேப்பஸ்ட்ரி’ என்ற அமைப்பு வேறு வழியில் சென்றது. அலுவலகத்தில் வந்து குவியும் மின்மடல்களில் எதைப் படிப்பது என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. ஒருவர் படித்த மடலுக்குக் குறிப்பு எழுதி வைத்தால், இன்னார் நன்று என்று குறித்தவற்றை மட்டும் எனக்குக் காட்டு என்று மற்றவர் கேட்டுப் பெறலாம். கூட்டு வடிகட்டல் என்று நாம் சொல்லத்தக்க பெயரும் அங்கேதான் பிறந்தது. யாருடைய பரிந்துரை என்பது பெறுபவருக்குத் தெரியும். நண்பர் சொல்லி ஒரு நூலைத் தேடிப்போவதன் கணினி வடிவம் அது.

திருப்பம் 1994இல் நேர்ந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் ரீடல், எம்.ஐ.டி.யின் பால் ரெஸ்னிக் ஆகியோரும் அவர்களது குழுவினரும் ‘குரூப்லென்ஸ்’ என்ற அமைப்பை உருவாக்கினர். யூஸ்நெட் செய்திக் குழுக்களில் வரும் கட்டுரைகளுக்கு வாசகர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். இதுவரை உங்களைப் போலவே மதிப்பெண் இட்டவர்கள் யார் என்று கணினியே தேடி, அவர்களது கருத்தைக் கொண்டு நீங்கள் அடுத்த கட்டுரைக்கு எவ்வளவு இடுவீர்கள் என்று கணிக்கும். இங்கே நண்பரின் இடத்துக்குப் பெயர் தெரியாத அண்டையர் வந்துவிட்டனர். ஏன் பிடித்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, எண் போதும். எம்.ஐ.டி.யில் உருவான ‘ரிங்கோ’ இதையே இசைக்குச் செய்தது. 2003இல் அமேசானின் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஆட்களை ஒப்பிடுவதையும் விட்டுவிட்டு, ஒரு நூலை வாங்கியவர்கள் வேறெந்த நூல்களையும் வாங்குகிறார்கள் என்று பொருள்களையே ஒப்பிடும் முறை விளக்கப்பட்டது. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கையாள அதுவே எளிதாயிருந்தது.

இத்துறையின் ஆய்வாளர்களுக்கு என்றுமே இருந்த குறை ஒன்றுதான்: தரவு. கடைகளிடம் தரவு இருந்தது, பல்கலைக்கழகங்களிடம் இல்லை. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் நடத்திவந்த ‘ஈச்மூவி’ என்ற திரைப்படப் பரிந்துரைத் தளம் 1997இல் மூடப்பட்டபோது, அதன் மதிப்பெண்களைப் பெற்று மின்னசோட்டா குழுவினர் ‘மூவிலென்ஸ்’ தளத்தைத் தொடங்கினர். ஆய்வுலகம் நெடுங்காலம் அதை நம்பியே வாழ்ந்தது. எனவே 2006 அக்டோபர் 2ஆம் நாள் வந்த அறிவிப்பை அவர்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று எளிதில் ஊகிக்கலாம்.

*

அப்போது நெட்ஃபிளிக்ஸ், டிவிடிக்களை அஞ்சலில் அனுப்பும் வாடகை நிறுவனம். ‘சினிமேட்ச்’ என்ற தன் பரிந்துரை நிரலை விட 10 விழுக்காடு துல்லியமாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அது அறிவித்தது. பயிற்சிக்காக 4,80,189 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு இட்ட 10,04,80,507 மதிப்பெண்களையும், அவை இடப்பட்ட தேதிகளையும் வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்கள். அத்துடன், இது முழுத் தரவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, சில விவரங்கள் வேண்டுமென்றே சற்று மாற்றப்பட்டுள்ளன, ஆகவே எவரையும் இதிலிருந்து அடையாளம் காண இயலாது என்றும் நிறுவனம் உறுதி கூறியது.

40,000க்கும் மேற்பட்ட அணிகள் பதிவு செய்தன. 2006 டிசம்பரில் சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் எழுதிய நிரலாளர் ஒருவர், முன்னணி வரிசைக்குத் தன்னைக் கொண்டுவந்த முறையை எல்லோருக்கும் விளக்கி எழுதிவிட்டார். வாசகர்களை வரிசைகளாகவும் படங்களை நிரல்களாகவும் கொண்ட மாபெரும் அட்டவணையை எண்ணிப் பாருங்கள். அதில் நிரம்பியிருப்பவை நூற்றில் ஒரு கட்டத்துக்குச் சற்று மேல், மற்றவை காலி. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு மனிதருக்கும் சில பத்து மறைகாரணிகளை ஒதுக்கி, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் நிரம்பிய கட்டங்களின் எண்கள் கிடைக்குமாறு அக்காரணிகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போனால், காலிக் கட்டங்களுக்கும் விடை கிடைக்கிறது. இக்காரணிகளுக்குப் பெயர் கிடையாது. பின்னர் மனிதர்கள் உற்று நோக்கி, இது நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் இடைப்பட்ட அளவுகோல், இது காதல் படங்களுக்கு உரியது என்று பொருள் சொல்லிக்கொண்டனர். கணினிக்கு அந்தப் பொருள் தேவைப்படவில்லை.

போட்டியாளர்களுக்குத் தொல்லை தந்தவை, பார்த்தவர்களை இரு முகாம்களாகப் பிரித்த படங்கள். 2004இல் வந்த ‘நெப்போலியன் டைனமைட்’ என்ற எளிய நகைச்சுவைப் படம் இவ்வகையில் பெயர் பெற்றது. சிலர் 5 இட்டனர். சிலர் 1 இட்டனர். முன்பு பார்த்த படங்களைக் கொண்டு யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.

2009 ஜூலை 26ஆம் நாள் போட்டி முடிந்தபோது இரண்டு அணிகள் ஒரே அளவு துல்லியத்துடன் நின்றன. இருவருடைய பிழையளவும் 0.8567, சினிமேட்சின் பிழையளவு 0.9525. இருபது நிமிடம் முந்தித் தம் விடையை அனுப்பியிருந்த ‘பெல்கோர்ஸ் பிராக்மேடிக் கேயாஸ்’ அணிக்குப் பரிசு சென்றது. அமெரிக்கா, ஆஸ்திரியா, கனடா ஆகிய நாடுகளில் தனித்தனியே தொடங்கிய மூன்று அணிகள் ஒன்றுசேர்ந்து உருவான குழு அது. நூற்றுக்கணக்கான கணிப்பு முறைகளின் கலவையான இறுதி விடையை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியம், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் உழைப்புக்கு ஈடாகாது என்று 2012இல் நிறுவனமே எழுதியது. 2007இல் எட்டிய இடைக்கட்டத்தின் இரண்டு முறைகளே அதற்குப் பயன்பட்டன.

*

இந்த வெற்றிக் கதைக்கு இணையாக வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. போட்டி அறிவிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2006 ஆகஸ்டில், ஏ.ஓ.எல். நிறுவனம் ஆய்வாளர்களுக்கென்று சுமார் 6,50,000 பயனர்களின் இரண்டு கோடித் தேடல் சொற்களை வெளியிட்டது. அங்கும் பெயர்கள் நீக்கப்பட்டு எண்களே இருந்தன. சில நாட்களுக்குள் ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர்கள் ஓர் எண்ணின் தேடல்களை மட்டும் படித்து, ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் முதிய பெண்மணி ஒருவரின் வீட்டு வாசலைச் சென்றடைந்தனர். அதே மாதத்தில் மின்னசோட்டா குழுவினர் தம் சொந்தத் தரவைக் கொண்டே ஓர் எச்சரிக்கையை முன்வைத்தனர். பொது உரையாடலில் ஒருவர் பேச்சுவாக்கில் குறிப்பிடும் படங்களை வைத்து, மூவிலென்ஸ் மதிப்பெண்களில் அவருடைய வரிசை எதுவென்று பல நேரம் கண்டுபிடித்துவிட முடிகிறது என்பதே அது. துறையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ரீடலும் அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

நெட்ஃபிளிக்ஸ் தரவு வெளியான சில வாரங்களிலேயே, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் தம் ஆய்வின் முதல் வடிவத்தை வெளியிட்டனர். நாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். முழுக் கட்டுரை 2008இல் வெளியானது. ஒருவர் இட்ட மதிப்பெண்களில் எட்டு தெரிந்தால், அவற்றில் இரண்டு முற்றிலும் தவறாயிருந்தாலும், தேதிகள் இரண்டு வாரம் முன்பின்னாயிருந்தாலும், 99 விழுக்காட்டினரின் வரிசையைத் தனித்து இனங்காணலாம். தேதி மூன்று நாள் வித்தியாசத்துக்குள் தெரிந்தால் 68 விழுக்காட்டினருக்கு இரண்டே மதிப்பெண்கள் போதும். ஐ.எம்.டி.பி. தளத்தில் தம் பெயரிலேயே மதிப்பெண் இட்டிருந்த சில பத்துப் பேரை ஒப்பிட்டுப் பார்த்து, அவர்களில் இருவர் நெட்ஃபிளிக்ஸ் தரவில் எந்த வரிசை என்பதை மிகுந்த உறுதியுடன் காட்டினர்.

காரணம் எளியது. எல்லோரும் பார்த்த படம் ஒருவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஒருவர் பார்த்த படங்களில் சிலராவது பார்க்காதவை எப்போதும் இருக்கும். அவற்றின் சேர்க்கை வேறெவருக்கும் இருப்பதில்லை. அட்டவணையில் காலிக் கட்டங்கள் மிகுதி என்பதால்தான் கணிப்பு கடினமாகிறது. அதே காரணத்தால்தான் ஒவ்வொரு வரிசையும் தனித்துத் தெரிகிறது. பெயரை அழித்தாலும், ரசனையை அழிக்காத வரை கைரேகை எஞ்சியிருக்கிறது. ரசனையை அழித்துவிட்டால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதில் அந்தரங்கமென்று என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு 2009 டிசம்பர் விடை தந்தது. தம் பாலியல் நாட்டத்தை வெளியே சொல்லாத ஒரு தாய், பெயர் மறைத்து மற்றவர்களுடன் சேர்ந்து கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தாம் பார்த்த படங்களிலிருந்து அது வெளியாகிவிடும் என்பது அவரது வாதம். அவர் துணைக்கு அழைத்தவற்றுள் ஒன்று, போர்க் பட்டியலால் பிறந்த அதே 1988ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வேளையில் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவையும் அடங்கிய இரண்டாம் போட்டிக்கு நெட்ஃபிளிக்ஸ் திட்டமிட்டிருந்தது. 2010 மார்ச்சில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரண்டாம் போட்டி கைவிடப்பட்டது.

*

அரசியல் பெயர்ப் பட்டியல்களில் நிகழ்வது போன்ற பேரிழப்பு எதுவும் இதில் நேர்ந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் இழப்பின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெற்றிப் படங்களையும் பெருவிற்பனை நூல்களையும் மட்டும் நுகர்பவர் கூட்டத்தில் மறைந்துகொள்கிறார். நூறு பிரதி விற்ற கவிதைத் தொகுப்பையும் நின்றுபோன சிற்றிதழின் பழைய இதழ்களையும் தேடிப்போகிறவர் இரண்டே தலைப்புகளில் பிடிபடுகிறார். தேடல் மிகுந்த வாசகரே அதிகம் வெளிப்படுகிறார்.

தீர்வே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2009இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஃபிராங்க் மெக்‌ஷெரியும் இல்யா மிரோனோவும், கணக்கீட்டுக்கு இடையே அளவறிந்து இரைச்சலைக் கலந்தால், எந்தத் தனிமனிதரின் விவரமும் தனித்துத் தெரியாமல், துல்லியத்தையும் பெரிதும் இழக்காமல் பரிந்துரைக்க முடியும் என்று அதே நெட்ஃபிளிக்ஸ் தரவைக் கொண்டு காட்டினர். மூவிலென்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட தரவில் வயது, பாலினம், தொழில், அஞ்சல் குறியீடு ஆகியவை இருந்தன. 2009க்குப் பிந்தைய பெரிய தொகுப்புகளில் அவற்றை அவர்கள் சேர்ப்பதில்லை.

நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. தரவை வெளியிடுவதைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டார்கள், சேர்ப்பதைக் குறைக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் நட்சத்திர மதிப்பெண் முறையைக் கைவிட்டுக் கட்டைவிரல் குறிக்கு மாறியது. 2023இல் டிவிடி அனுப்புவதையும் நிறுத்தியது. இன்று நாம் எதைத் தொடங்கினோம், எந்த நிமிடத்தில் நிறுத்தினோம் என்பதெல்லாம் நாம் எண் இடாமலே பதிவாகின்றன. மதிப்பெண் இடும்போது, ஒரு கருத்தைச் சொல்கிறோம் என்ற உணர்வாவது இருந்தது. நம் ஊர் நூலகங்களும் இரவல் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் காலம் இது. பெயர்களை நீக்கிவிட்டோம் என்ற உறுதிமொழி வரும்போது, எந்தத் தலைப்புகள் எஞ்சியிருக்கின்றன, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளையேனும் வாசகர்களாகிய நாம் கேட்டாக வேண்டும்.