மிட்ரேஞ்சுக்கு எத்தனை லிட்டர்? அறையின் கொள்ளளவும் கிராஸ்ஓவர் இணைப்பும்

வீட்டில் மூன்று வழி ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் வூஃபர் பெட்டிக்கு மட்டும் லிட்டர் கணக்குப் பார்க்கிறார்கள். மிட்ரேஞ்சுக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டோ சின்ன மரத் தடுப்போ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது பேஸ் தரப்போவதில்லையே, அதற்கு எதற்கு இடம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கிராஸ்ஓவர் அதன் பிறகு வருகிற வேறு வேலை: மேக்னட்டில் ஒட்டியிருக்கும் 8 ஓமைச் சூத்திரத்தில் போட்டு, வரும் விடைக்குக் கெபாசிட்டர் வாங்குவது. இவை இரண்டு தனி முடிவுகள் அல்ல. மிட்ரேஞ்சை அடைக்கும் அறையைக் குறுக்கும்போதே கிராஸ்ஓவரையும் கெடுத்துவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். பாடகரின் குரலும் வயலினும் நாகஸ்வரமும் குடியிருக்கும் பகுதி மிட்ரேஞ்ச் என்பதால் இந்தக் கேடு சிறியதல்ல.

ஸ்பீக்கர் பெட்டிக்கு நெவில் தீல் 1961இல் தொடங்கிவைத்த கணக்கை, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் மூடிய பெட்டிக்கும் முறைப்படுத்தினார். டிரைவரின் 'வாஸ்' அளவை (அதன் தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் லிட்டர்) அறையின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒத்ததிர்வெண், ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்லும் க்யூ எண் ஆகிய இரண்டும் அந்த மடங்கு உயரும். 60 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வெண், 0.35 க்யூ, 10 லிட்டர் வாஸ் கொண்ட ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். 3.3 லிட்டர் அறையில் மடங்கு 2. ஒத்ததிர்வெண் 120 ஹெர்ட்ஸ், க்யூ 0.7. அதே டிரைவரை 0.8 லிட்டர் குழாயில் அடைத்தால் 220 ஹெர்ட்ஸ், க்யூ 1.29. இரண்டாவது அறையில் 260 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறக்குறைய 3 டெசிபெல் மேடு எழும்.

அதைக் கிராஸ்ஓவர்தான் வெட்டிவிடுமே என்பார்கள். வெட்டாது. 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்ட, 8 ஓம் கணக்கில் ஒற்றைக் கெபாசிட்டர் 50 மைக்ரோஃபாரட். 220 ஹெர்ட்ஸில் அதன் மறுப்பு 14.5 ஓம், டிரைவர் அங்கே உண்மையிலேயே 8 ஓமாக இருந்தால் 6 டெசிபெலுக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். ஆனால் 220 ஹெர்ட்ஸ் என்பது ஒத்ததிர்வின் உச்சி. அங்கே இத்தகைய டிரைவரின் மின்மறுப்பு 40 ஓம் வரை எழும்பும். 40 ஓமுக்கு முன்னால் 14.5 ஓம் எதைத் தடுக்கும்? அரை டெசிபெல் மட்டுமே. அதன்மேல் அறையின் க்யூ இன்னும் 2 டெசிபெலைக் கூட்டுகிறது. ஆக, கணக்குப்படி அடங்க வேண்டிய இடத்தில் மிட்ரேஞ்ச் சுமார் 8 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கிறது. அங்கே வூஃபரும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்குப் பல பெட்டிகளில் இதுவே காரணம். பழியோ டிரைவர்மேல் விழுகிறது.

உச்சியை மின்வழியிலும் மட்டப்படுத்தலாம்: டிரைவருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், காயில், கெபாசிட்டர் வரிசை. மேற்கண்ட டிரைவரின் காயில் மின்தடை 6 ஓம் என்றால், சின்ன அறைக்கு ஏறத்தாழ 6.5 மில்லிஹென்றி காயிலும் 80 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வேண்டும். 6.5 மில்லிஹென்றி என்பது கை நிறையச் செம்பு. இரண்டரை லிட்டர் காற்று இலவசமாகச் செய்யும் வேலையைச் செம்பு வாங்கிச் செய்வதில் எந்தப் பொருத்தமும் எனக்குத் தெரியவில்லை. அறையின் ஒத்ததிர்வெண் வெட்டும் புள்ளிக்கு ஓர் எண்மத்துக்கு (ஆக்டேவ்) மேல் கீழே இருக்க வேண்டும். இரண்டு எண்மம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெரிய அறைக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கோனின் பின்புறம் கிளம்பும் ஒலி எங்கும் போய்விடுவதில்லை. பின்சுவரில் மோதி, மெல்லிய கோன் வழியாகவே காலம் தாழ்த்தி வெளியே வருகிறது. 17 சென்டிமீட்டர் ஆழமுள்ள அறையில் நிலையலை ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸில் நிற்கும். அதை விழுங்கக் கால் அலைநீளம், அதாவது 8 அல்லது 9 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கம்பளியோ கண்ணாடி இழையோ வேண்டும். 0.8 லிட்டர் குழாயில் அதற்கு இடமேது? இந்தப் பின்புற அலைக்கு பி அண்ட் டபிள்யூ நிறுவனம் 1993இல் நாட்டிலஸில் கண்ட விடை, போகப் போகக் குறுகும் நீண்ட குழாய். நம் தச்சு வேலைக்கு அது எட்டாது. அதன் நியாயம் எட்டும். பின்புற அலைக்கு நீளமும் பஞ்சும் கொடு, எதிரே தட்டையான சுவரை நிறுத்தாதே.

தச்சில் தவறவிடும் இடம் ஒன்று: 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்.இல் 4 அங்குல டிரைவருக்கு வெட்டும் துளை, பின்னாலிருந்து பார்த்தால் ஒரு சுரங்கம். டிரைவர் சட்டத்தின் ஜன்னல்கள் மரத்தை ஒட்டி அடைபடும். திருகுகள் விழும் இடங்களை விட்டுவிட்டு, மற்ற விளிம்பைப் பின்பக்கம் 45 பாகையில் செதுக்கிவிட வேண்டும்.

இனி ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு 0.012 ஓம்கூட இல்லை. பெட்டிக்குள் ஓடும் அரை மீட்டர் ஜோடியைப் பருமனாக்குவதால் காதுக்கு எதுவும் மாறாது. அதே பாதையில் இருக்கும் காயில் ஒன்றின் மின்தடையே பல மடங்கு அதிகம். ஒயரில் கவலைப்பட வேண்டியவை வேறு. அது மிட்ரேஞ்ச் அறையைவிட்டு வெளியேறும் துளையை எம்-சீல் வைத்து அடைக்காவிட்டால், வூஃபரின் காற்றழுத்தம் அதன் வழியே புகுந்து மிட்ரேஞ்ச் கோனை ஆட்டும். தனி அறை கட்டியதன் பயன் அந்த ஓட்டையில் கரைந்துவிடும். காயில்களை அருகருகே ஒரே திசையில் படுக்கவைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, இடைவெளிவிட்டுப் பொருத்த வேண்டும்.

பிளஸ், மைனஸ் திசையையும் தாளிலேயே முடிவு செய்துவிட முடியாது. 12 டெசிபெல் சரிவுள்ள இரண்டாம் படி வடிப்பானில் வெட்டும் புள்ளியில் இரு டிரைவர்களும் 180 பாகை விலகுவதால், மிட்ரேஞ்சைத் தலைகீழாக இணைப்பது பாடநூல் விதி. ஆனால் காதுக்கு வந்து சேரும் சரிவு, வடிப்பானும் அறையும் சேர்ந்து உண்டாக்குவது. அறை 12 டெசிபெல் சரிவைத் தானே சேர்க்கிறது. அதன் ஒத்ததிர்வெண் வெட்டும் புள்ளியை நெருங்கினால் விதியே புரண்டுவிடும். வெட்டும் புள்ளியின் தொனியை ஒலிக்கவிட்டு, இரு திசையிலும் இணைத்துக் கேட்க வேண்டும். எந்த இணைப்பில் ஒலி ஆழமாகக் குழி விழுகிறதோ, அதற்கு எதிரானதே சரியான இணைப்பு.

விவரத்தாள் இல்லாமல் கடையில் வாங்கிய டிரைவருக்கும் இவ்வளவும் செய்யலாம். டிரைவரை அதன் அறையில் பொருத்தி, பஞ்சை நிரப்பி, 1,000 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து, ஆம்ப்ளிஃபையர் வழியாகத் தொனியை 50 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போகலாம். டிரைவரின் முனைகளில் மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட் எங்கே உச்சம் தொடுகிறதோ, அதுவே அறையின் ஒத்ததிர்வெண். சாதாரண மல்டிமீட்டர்கள் இந்த அதிர்வெண்களில் நம்பத்தக்கவை. கெபாசிட்டர் வாங்குவதை அந்த எண் கையில் கிடைக்கும்வரை தள்ளிவைக்கலாம்.