காந்த ஊசிக்குக் காவல்

அம்பர்நாத்தில் வாழும் நம்மவர்கள் அவ்வூர்ச் சிவாலயத்தை நன்கு அறிவர். சக ஆண்டு 982-இல், அதாவது கி.பி. 1060-இல், சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த அக்கோயில், அந்த வட்டாரத்துக் கருங்கல்லால் ஆனது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான அக்கல்லில் காந்தத் தன்மை வாய்ந்த இரும்புத் தாதுவின் துகள்கள் கலந்துள்ளன. சிற்பிக்கு இதனால் ஒரு குறையுமில்லை. காந்த ஊசியைக் கொண்டு அளவெடுப்போருக்கோ இக்கல் ஆகாது. அதை விலக்கிக் கட்டடம் எழுப்ப நேர்ந்த ஒரு வரலாறு பம்பாய்க்கு உண்டு.

முதலில் திசைகாட்டியின் அமைப்பைக் காண்போம். உருக்கினாலான ஊசியின் நடுவே, குழிந்த மணிக்கல் ஒன்றைப் பதிப்பர். அக்குழி ஒரு கூர்முனையின் மீது அமரும். உராய்வு குறைந்து ஊசி எளிதில் திரும்புவதற்கே இந்த ஏற்பாடு. கப்பல்களில், ஊசிகள் பொருத்திய வட்டத் தகட்டைச் சாராயம் கலந்த நீர் நிரம்பிய பித்தளைக் கிண்ணத்தில் வைப்பர். நீர்மம் ஊசியின் ஆட்டத்தை அடக்கும். சாராயம் அது குளிரில் உறையாமல் காக்கும். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த இரு வளையங்களில் கிண்ணம் தொங்குவதால், கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் அது மட்டமாகவே நிற்கும்.

மரக்கலங்கள் இருந்தவரை இவ்வளவு காவல் ஏறக்குறையப் போதுமாயிருந்தது. இரும்புக் கப்பல்கள் வந்ததும் ஊசி தடுமாறிற்று. இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஏரி, 1838-இல் 'ரெயின்போ' என்னும் இரும்புக் கப்பலில் சோதனை செய்து, திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் தேனிரும்பையும் தக்க இடங்களில் வைத்துப் பிழையை நீக்கலாமெனக் காட்டினார். முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை இது. கப்பல் திசைகாட்டியின் இரு பக்கமும் நாம் காணும் இரும்புக் குண்டுகள் இதன் பொருட்டே வைக்கப்பட்டவை.

ஆனால் பூமியின் காந்தத்தையே அளப்போருக்கு இவ்வித்தை உதவாது. அவர்கள் தேடுவது மிக நுண்ணிய மாறுதல்களை. கொலாபாவில் 1826-இல் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடத்தில் 1841 முதல் இத்தகைய அளவைகள் எடுக்கப்பட்டு வந்தன. அறுபது ஆண்டுகள் கழித்து ஓர் இடையூறு தோன்றியது: நகரின் குதிரை டிராம்களை மின்சார டிராம்களாக மாற்ற முனைந்தனர். மின்னோட்டம் அருகிலுள்ள ஊசியைத் திருப்பும் என்பது 1820-இல் எர்ஸ்டெட் கண்ட உண்மை. டிராமின் மின்சாரமோ தண்டவாளத்தோடு நில்லாமல் மண்ணிலும் கசியும். வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் அதன் அளவு மாறும். இரும்புக் குண்டை வைத்து இதைச் சரிக்கட்ட இயலுமா?

நகரத்தின் வண்டியை நிறுத்துவது நடக்கிற காரியமன்று. எனவே ஊசியே ஊரை விட்டுப் புறப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரான நானாபாய் அர்தேஷிர் பிராம்ஜி மூஸ் காலத்தில், கடலுக்கு அப்பால், தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலிபாக்கில் புதிய கூடம் எழுந்தது. உள்ளூர்க் கருங்கல்லை ஒதுக்கி, காந்தத் தன்மையற்ற போர்பந்தர் மணற்கல்லைத் தருவித்தனர். இரும்பை அறவே நீக்கினர். வெப்பம் ஏறி இறங்கினாலும் காந்தக் கருவிகளின் அளவு பிறழும். ஆகவே அறைக்குள் அறையாகக் கட்டினர்.

இவையனைத்தினும் நாம் வியப்பது வேறொன்றை. இடம் மாறினால் அளவும் சற்று மாறும்; பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டாமற் போனால் அறுபது ஆண்டு உழைப்பு முறிந்துவிடும். ஆதலால் 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒருசேர அளந்து, இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கண்டனர். அதன் பின்னரே கொலாபாவில் காந்த அளவைகளை நிறுத்தினர்.

1907 மே 7-ஆம் நாள் பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. 1964 மார்ச் 31-ஆம் நாள் கடைசி டிராமும் நின்றது. அலிபாக்கில் அளவைகள் இன்னும் தொடர்கின்றன.