மின்பெட்டிக்குள் நீர்த்துளி படிதல்

மோட்டார் ஸ்டார்ட்டர், மின்பகிர்வு பேனல், தெருவோர பில்லர் பாக்ஸ் ஆகியவற்றின் உள்ளே காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து துளியாகப் படிவதுண்டு. மழைநீர் ஒரு சொட்டும் ஒழுகாத பெட்டியிலும் இது நேரும்.

சூடான காற்றே அதிக நீராவியைத் தாங்கும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும். 20 பாகையில் 17 கிராம்தான். 30 பாகையில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 26 பாகை அளவுக்குக் குளிர்ந்த தகட்டைத் தொட்டாலே துளி படியும்.

மதுரையின் மேற்கே, வைகைக் கரையிலுள்ள கோச்சடை போன்ற பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலம் இதற்கு ஏற்றது. பகல் வெயிலில் இரும்புப் பெட்டி கொதிக்கிறது. உள்காற்று விரிந்து வெளியேறுகிறது. மாலை மழையில் பெட்டி சட்டென்று குளிர்கிறது. 50 பாகையிலிருந்து 25 பாகைக்கு இறங்கும் காற்று ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப ஈரக்காற்று சந்துகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. நாள்தோறும் இது தொடர்ந்தால் அடியில் நீர் தேங்கும். ஓடாமல் நிற்கும் பம்பு பேனலுக்கு ஆபத்து கூடுதல், ஏனெனில் உள்ளே சூடு தரும் மின்னோட்டம் இல்லை.

படிந்த நீர் தனியாக மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. புழுதி அதில் கரைந்ததும் காப்புப் பரப்பில் கசிவுப் பாதை உருவாகிக் கரிந்து, பஸ்பாரில் பொறி பறக்கலாம். கான்டாக்டர் முனைகளில் பச்சை பூக்கும், திருகுகள் துருவேறும்.

இறுக்கமாக மூடினால் போதும் என்ற எண்ணம் பரவலானது, தவறானது. தூசியும் நீர்த்தாரையும் புகாத ஐபி 65 தரப் பெட்டியும் ரப்பர் பட்டை, கேபிள் கிளாண்டு வழியே மெல்ல மூச்சு விடும். உள்ளே சேர்ந்த நீருக்கு வெளியேற வழியிராது. ஆகவே அடியில் வடிகாலுடன் கூடிய சுவாசத் திறப்பு தேவை. கேபிள் கால்வாயிலிருந்து ஆவி ஏறாதபடி நுழைதுளைகளை அடைக்க வேண்டும். கேபிள்கள் மேற்புறமாக நுழைவதைத் தவிர்ப்பது நல்லது. சிலிகா ஜெல் சிறு பெட்டிக்கு உதவும், நிறம் மாறியதும் உலர்த்தியோ மாற்றியோ வைத்தால்.

உறுதியான வழி, உள்ளே வெப்பநிலையை வெளியைவிடச் சில பாகை கூட்டி வைப்பது. இதற்கான ஸ்பேஸ் ஹீட்டர் பெட்டியின் அடிப்பகுதியில் பொருத்தப்படும்; ஈரப்பதம் 60–65 சதவீதத்தை எட்டும்போது ஹைக்ரோஸ்டாட் அதை இயக்கும். முதன்மை சுவிட்ச் அணைந்தாலும் ஹீட்டர் ஓட, தனி இணைப்பு வேண்டும். அந்த இணைப்பில் மின்சாரம் இருப்பதைக் கதவில் எச்சரிக்கையாக எழுதுவது கட்டாயம். ஹீட்டர் பழுதானால் எந்தச் சத்தமும் எழாது. எனவே மழைக்காலத்துக்கு முன்பே அதன் மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டும்.

நீண்ட நாள் நின்ற பேனலை உலர்த்தி, 415 வோல்ட் சுற்றை 500 வோல்ட் மெகரால் (காப்புத் தடை அளக்கும் கருவி) சோதித்த பிறகே மின்சாரம் தரலாம். காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மறுபடி உலர்த்த வேண்டும். மின்னணு அட்டைகளைக் கழற்றாமல் மெகர் வைத்தால் அவை கெட்டுவிடக்கூடும்.