அம்மானை ஆடிய ஊரும் அங்கன்வாடி முற்றமும்

அண்ணாமலையை வலம்வருவோர் அடியண்ணாமலையைக் கடக்கையில் மணிவாசகப் பெருமானின் கோயிலொன்றைக் காண்பர். திருவெம்பாவையும் திருவம்மானையும் இத்தலத்தில் அருளப்பெற்றவை என்பது மரபு. மார்கழி தோறும் பாவை நினைக்கப்படுகிறது. அம்மானையை நினைப்பார் சிலரே. காய்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலெறிந்து, முன்னது கை சேருமுன் அடுத்ததை எறிந்து பிடிக்கும் ஆட்டம் அது. கண்ணும் கையும் மூச்சும் சொல்லும் ஒருசேர இயங்கினாலன்றிக் காய் கையில் நில்லாது. பொன்னூசல், தோணோக்கம், பூவல்லி, தெள்ளேணம், சாழல், உந்தியார் என்று திருவாசகத்துப் பதிகப் பெயர்கள் பலவும் மகளிர் விளையாட்டை ஒட்டியே அமைந்திருப்பது கவிஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது.

இவ்வூரில் அம்மரபு அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. முருகனார் வேண்ட, 1927இல் இரமண மகரிஷி முப்பது பாடல்களில் இயற்றிய நூலுக்கு உபதேச உந்தியார் என்று பெயர். உந்தி பறத்தல் எழும்பிக் குதித்தாடும் ஆட்டம் என்பர். வேறு விளக்கம் தருவாரும் உளர். எவ்வாறாயினும், வேதாந்தத்தைச் சொல்லச் சிறுமியரின் ஆட்டப்பாட்டு வடிவம் போதுமானதாயிருந்தது. ஆட்டம் வழக்கொழிந்தது, யாப்பு நின்றுவிட்டது.

இவை சற்று வளர்ந்த சிறுமியர்க்குரியவை. தவழும் பருவத்து மழலையின் உடலசைவை வரிசைப்படுத்திய பெருமை பிள்ளைத்தமிழுக்கே உரியது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்தாடுவது செங்கீரை. பாட்டியல் நூல்கள் இதனை 5ஆம் திங்களுக்கு வைக்கும். கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வாரானை. பின்னர் ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும், பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியனவும் வரும். திங்கட் கணக்கில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு.  பத்துப் பருவங்களுட் பெரும்பாலானவை அசைவின் பெயர்களே.

ஓர் ஒப்புமை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கென ஒரு நெறிமுறை வெளியிட்டது. தானே நகரத் தொடங்காத சிசு, விழித்திருக்கும் வேளையில் நாளொன்றுக்கு 30 நிமிடமேனும் குப்புறக் கிடந்து பழக வேண்டும் என்கிறது அது. ஒன்று முதல் நான்கு வயதுடையோர் நாள் முழுவதுமாகப் பிரித்து 180 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டுண்டு கிடத்தல் ஆகாது. கீழே கிடந்து தலைதூக்கும் குழந்தையைக் கண்ட நம் பெண்டிர் செங்கீரை ஆடுகிறது என்று மகிழ்ந்தது இந்தக் கணக்கை அறிந்தா!

குழந்தைப் பேணுகை என்பதற்கும் பழஞ்சான்று உண்டு. தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடப்பெற்ற பெரும்பாணாற்றுப்படையில், ஏறி ஊர இயலாத, தச்சர் செய்த சிறுதேரைத் தளர்நடைப் புதல்வர் உருட்டுகின்றனர். உருட்டி இளைத்தபின் செவிலியிடம் பாலருந்தித் துயில்கின்றனர். ஆட்டம், உணவு, உறக்கம் என்னும் இவ்வரிசை கருதத்தக்கது. அந்தத் தேரின் வழித்தோன்றலாகவே மூன்று சக்கர நடைவண்டியைக் கொள்ளலாம். குழந்தை தன் காலில் நின்று அதைத் தள்ள வேண்டும். உள்ளே உட்காரவைத்து உருளவிடும் இக்கால வண்டியோ அதற்கு நேர்மாறானது. விபத்துகள் மிகுந்தமையால் கனடா நாடு அதனை 2004இல் தடைசெய்தது.

நிறுவனங்களின் வரலாறு வேறு வரிசையில் நடந்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கியிருந்தார். குழந்தையின் கைக்கு வேலை வேண்டும் என்ற அவர் கொள்கை தமிழகத்தில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டியது. ஏழைகளின் குழந்தைகளை நோக்கி நடந்தவர் மராட்டியத்தின் தாராபாய் மோடக். போர்டியில் 1945 அளவில் பணி தொடங்கிய அவர், குழந்தை பள்ளிக்கு வாராதாயின் பள்ளி அதன் முற்றத்துக்குச் செல்லட்டும் என்று எண்ணினார். அங்கன் என்பதற்கு முற்றம் என்றே பொருள்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது அங்கன்வாடி என்ற பெயர் நாடெங்கும் பரவியது. தமிழகத்திலோ பசியே முதற்கவலை. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதார்க்குச் சத்துருண்டை கொடுத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் சோற்றுத் தட்டின் முன் அமர்த்தியது. இதனைக் குறைகூறல் நன்றன்று. உண்ணாத குழந்தை ஓடாது. ஆயினும் எடை அட்டையில் ஏறிய கோட்டை அளந்தவர்கள், குழந்தை எவ்வளவு நேரம் ஓடியது என்று குறிக்க இடம் வைக்கவில்லை.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மழலையர் கல்வி விளையாட்டைச் சுற்றியே அமைதல் வேண்டும் என்றும் எழுத்தும் எண்ணும் முறையாகப் புகட்டல் அவ்வயதிற்கு ஆகாது என்றும் கூறியது. ஆங்கில வழி மழலையர் பள்ளிகள் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். தமிழகத்து அங்கன்வாடிகளுக்குப் பின்னர் வகுக்கப்பெற்ற பாடத்திட்டத்தின் பெயர் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பாரதியாரின் பாப்பா பாட்டு அதில் எதிரொலிக்கிறது; அப்பாட்டிலும் குழந்தைக்கு இடும் முதற்கட்டளை விளையாட்டே, படிப்பு பின்னர்தான்.

தமிழகத்தில் ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. முற்றம் என்று பெயர் பூண்ட அவற்றுள் முற்றமில்லாதனவும் உண்டு. அத்தகைய அறையில் ஓர் ஊழியர் என்ன செய்வார்? சப்பாணி கொட்டவும் துணிப்பந்தை எறிந்து பிடிக்கவும் பாய் விரிக்கும் இடம் போதும். பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்தால் உந்தி பறக்கலாம். சிறுதேர் உருட்டத்தான் வாசலைத் திறந்துவிட வேண்டும்.